இரண்டு நூல் இடைவெளி

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். தச்சு வேலை தெரியாதவன் என்ன சொல்வான்? "மரம் சரியில்லை" என்பான். பாளையங்கோட்டையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருவன் இந்த வசனத்தை ஒரே வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கே கிடையாது. பெயர் எதற்கு? 'நம்ம ஆள்' என்றே வைத்துக்கொள்வோம். எல்லா வகுப்பிலும் இப்படி ஒருத்தன் உண்டு.

நம்ம ஆளின் பழைய பொழுதுபோக்குகளைப் பார்த்துவிட்டால் ஆள் புரிந்துவிடுவான். கிடார் - மூன்று மாதம். மீன் தொட்டி - மீன்கள் இருந்த வரைக்கும். ஜிம் - பணம் கட்டிய மாதம் மட்டும். கிடார் இப்போதும் பீரோ மேல் இருக்கிறது, தந்தி இல்லாமல். அதனால் "தச்சு வேலை கத்துக்கப் போறேன்" என்று அவன் அறிவித்தபோது வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "எத்தன மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் இந்த முறை ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி. தரையில் உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அரிவாள்மணையைத் தரையில் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கியவர், அடுப்பு மேடையில் பலகையை வைத்து நின்றுகொண்டே நறுக்க ஆரம்பித்தார். நின்றால் முட்டி வலிக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அடுப்படியில் போட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது. அவ்வளவு குறுகலான அடுப்படி. மேடை உயரத்துக்கு ஏற்ற மாதிரி, 22 அங்குல உயரத்தில், அகலம் குறைவாக ஒரு ஸ்டூல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கடையில் வாங்கலாமே என்று கேட்காதீர்கள். அதை அப்பாவும் கேட்டார். நம்ம ஆள் அதற்குள் யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்து முடித்திருந்தான்.

ஆரம்பமே அமர்க்களம்

ஒரு கை ரம்பம், மூன்று உளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம், டேப், ஒரு கொட்டாப்புளி. டவுனில் போய் எல்லாம் வாங்கி வந்தாயிற்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பட்டறை. ஒரு பழைய பெஞ்சுதான் மேஜை.

மரம்? சாலையை அகலப்படுத்த வெட்டிய வேப்ப மரம் ஒன்று அப்போதுதான் பக்கத்து மர மில்லுக்கு வந்திருந்தது. விலை குறைவு. அறுத்துக் கொடுத்த அண்ணாச்சி, "எதுக்குத் தம்பி?" என்றார். "ஸ்டூல் செய்ய, அண்ணாச்சி." "அப்படியா, கொஞ்ச நாள் நிழல்ல அடுக்கி வச்சிட்டு அப்புறம் வேலயப் பாரு" என்றார். நம்ம ஆள் பெரிதாகத் தலையாட்டினான். அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தான். தப்பு நம்பர் ஒன்று.

அடுத்தது அளவு. முதல் காலை டேப்பால் அளந்து வெட்டினான். இரண்டாவது காலுக்கு முதல் காலை வைத்துக் கோடு போட்டான். மூன்றாவதுக்கு இரண்டாவதை வைத்து, நான்காவதுக்கு மூன்றாவதை வைத்து. பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போனது. ரம்பமும் தன் பங்குக்குக் கொஞ்சம் மரத்தைத் தின்னும், கோட்டுக்கு வெளியே வெட்டினால்தான் அளவு நிற்கும் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. கோட்டின் மேலேயே வெட்டினான். நான்கு கால், நான்கு உயரம்.

ஆடுகிற காலை வெட்டினால் சரியாகிவிடும் அல்லவா? ஒரு காலை வெட்டினான். இப்போது இன்னொரு கால் நீளம். அதை வெட்டினான். இப்படியே 22 அங்குலம் 20 முக்கால் ஆன பிறகுதான் நிறுத்தினான். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை ஞாபகம் வருகிறதா? அதேதான். இங்கே குரங்கும் அவனே, பூனையும் அவனே.

பிறகு இழைப்பு. ஒரு பக்கம் வழவழவென்று சுருள் சுருளாகச் சீவல் வந்தது. இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு வந்தது. மரத்தின் நார் ஓடுகிற திசையிலேயே இழைக்க வேண்டும், எதிர்த்து இழைத்தால் நார் பிளந்து எழும். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பார்த்தவர்களுக்குப் புரியும். வேம்பில் இன்னொரு வம்பு உண்டு. நார் ஒரே பலகையில் இங்கே ஒரு திசை, அங்கே ஒரு திசை என்று பின்னிக்கொண்டு ஓடும். "மரம் சரியில்லை" என்றான் நம்ம ஆள்.

உளியின் கதை ரத்தக் கதை. கடையில் வாங்கின உளி தீட்டி வந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். புது உளி சும்மா வடிவம்தான், கூர் நாம்தான் ஏற்ற வேண்டும். மொட்டை உளி மரத்தில் இறங்காது, அதனால் அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும். வழுக்கி எங்கே போனது? மரத்தைப் பிடித்திருந்த இடது கை ஆள்காட்டி விரலுக்கு. மூன்று தையல். கூர்மையான உளியைவிட மொட்டை உளிதான் ஆபத்து என்பதும், இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள்தான். சிரிக்க முடியாத தப்பு இனிமேல்தான்.

பட்டி

ஸ்டூலின் உயிர் மூட்டில் இருக்கிறது. காலில் ஒரு துளை, குறுக்குச் சட்டத்தின் நுனியில் அந்தத் துளைக்குள் போகிற ஒரு நாக்கு. நாக்கு துளைக்குள் இறுக்கமாக நுழைந்தால் ஆணியே வேண்டாம். பழைய வீடுகளின் கதவு நிலைகளைப் பாருங்கள், எத்தனையோ வருடமாக இந்த மூட்டில்தான் நிற்கின்றன.

நம்ம ஆள் துளையைச் சுமாராக வெட்டிவிட்டான். நாக்கை வெட்டும்போதுதான் பழைய வியாதி. கோட்டின் மேலேயே ரம்பம். நாக்கைத் துளைக்குள் விட்டால் லொட லொட என்று ஆடியது. ஆசாரிமாரும் கொத்தனார்களும் அளவை 'நூல்' கணக்கில் சொல்வார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். நம்ம ஆளின் மூட்டில் இரண்டு நூல் இடைவெளி. அதாவது கால் அங்குலம். தச்சு வேலையில் அது இடைவெளி இல்லை, ஜன்னல்.

என்ன செய்யலாம்? சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டலாம். மரம் மிச்சம் இருந்தது. நேரமும் இருந்தது. ஆனால் அம்மா அன்று காலையில்தான், "நாளைக்கு முடிஞ்சிருமால?" என்று ஆசையாகக் கேட்டிருந்தார். அப்பாவின் "எத்தன மாசம்?" வேறு காதில் நின்றது.

மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்தால் நல்ல பட்டி கிடைக்கும். ஆணித் துளை, சின்னக் கீறல் எல்லாம் அடைக்க உதவும். நம்ம ஆள் அதை எடுத்துத் துளை முழுக்க அப்பினான். நாக்கைச் செருகினான். வெளியே வழிந்ததைத் துடைத்தான். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்தான். இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லாம், "கடையில வாங்குனதா?" என்று கேட்டார்கள். அவன் அந்தக் கேள்வியை ஒரு வாரம் ருசித்துக்கொண்டிருந்தான்.

கீழே, கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டமும் போடவில்லை. போட்டால் அழகு கெடுமாம்! முதல் வருடம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் 'மொமென்ட்' பாடத்தில் நல்ல மார்க் எடுத்தவன் அவன். உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் சாய்ந்தால் காலின் நீளம் முழுக்க ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செய்து, மேல் மூட்டைத் திருகும் என்று பேப்பரில் படம் போட்டு விளக்கத் தெரியும். சொந்த ஸ்டூலில் அந்தப் படம் தெரியவில்லை.

அம்மா சந்தோஷமாக உட்கார்ந்தார். ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

எட்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உட்கார்ந்தபடியே பக்கத்து ஷெல்ஃபிலிருந்து புளி டப்பாவை எடுக்கச் சாய்ந்தார். 'மடக்'கென்று ஒரு சத்தம். நம்ம ஆள் ஓடி வந்து பார்த்தபோது அம்மா தரையில். விழும்போது ஊன்றிய இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இரண்டு பொய்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் ஆட்டோவில் அப்பா, "எப்படில ஒடஞ்சுது?" என்று கேட்டார். "மரம் சரியில்லப்பா. பச்ச மரம். ஏமாத்திட்டாங்க" என்றான். அப்பா நம்பினாரா என்று தெரியாது. மேலே கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை விசாரிக்க வந்தார். அம்மா சொன்னார்: "தரை ஈரமா இருந்துச்சு மதினி. கவனிக்காம வழுக்கிட்டேன்."

நம்ம ஆள் அடுத்த அறையில் இருந்தான். அவன் மரத்தின் மேல் பழி போட்டான். அம்மா தரையின் மேல் போட்டார். அவன் சொன்னது தன்னைக் காப்பாற்ற. அம்மா சொன்னதும் அவனைக் காப்பாற்றத்தான். அடிபட்ட விரலில் மூன்று தையல் போட்டபோது வராத அழுகை அப்போது வந்தது.

உடைந்த ஸ்டூலை மாடியில் கொண்டுபோய்ப் போட்டான். கருவிகளைச் சாக்கில் கட்டினான். பீரோ மேல் கிடாருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஆறு வாரமும் காலையில் காய் நறுக்கியது அவன்தான். நின்றுகொண்டு.

பிரேதப் பரிசோதனை

மாவுக்கட்டு பிரித்த பிறகு அம்மாவே ஒரு நாள் சொன்னார்: "அத யாராவது ஆசாரிக்கிட்ட காட்டி, என்ன கொறன்னு கேளேன்ல. அப்படியே தூக்கிப் போட்டா எப்படி?"

தெருக் கோடியில் ஒரு ஆசாரித் தாத்தா இருந்தார். வயது எழுபதுக்கு மேல். ஒரு காலத்தில் கதவு நிலை, கட்டில் எல்லாம் செய்தவர். இப்போது ரிப்பேர் வேலை மட்டும். நம்ம ஆள் உடைந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனான். அவர் எதுவும் பேசாமல் மிச்சம் இருந்த மூன்று மூட்டுகளையும் கொட்டாப்புளியால் தட்டிக் கழற்றினார். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. துளைக்குள்ளிருந்து பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார்.

"இது என்னய்யா?"

"பட்டி, தாத்தா."

"பட்டிய ஆணித் தல மேல வைப்பாங்க. பாரம் தாங்குத எடத்துல வைப்பாங்களா?"

நம்ம ஆள் வழக்கமான வசனத்தை எடுத்தான். "மரம் பச்ச மரம் தாத்தா..."

"பச்ச மரந்தான். கீழ குறுக்குச் சட்டமும் இல்ல. அதெல்லாம் தெரியாம செஞ்ச தப்பு. எல்லாரும் செஞ்சதுதான், நானுஞ் செஞ்சிருக்கேன். இந்தப் பட்டி தெரிஞ்சு செஞ்சதுலா?"

அவன் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. பெஞ்சைக் காட்டி, "உக்காரு" என்றார்.

பசையைப் பற்றி அவர் சொன்னதை நம்ம ஆள் பிறகு புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டான். அந்த வெள்ளைப் பசை இரண்டு மரப் பரப்புகள் ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும்போதுதான் பலமாகப் பிடிக்கும். நடுவில் மெல்லிய படலமாக இருந்தால் இரும்புப் பிடி. கால் அங்குலம் தடிமனாக, மரத்தூளோடு கலந்து நின்றால் வெறும் அடைப்பு. பார்க்க அழகு, தாங்க ஆள் இல்லை.

பச்சை மரத்தின் விவகாரமும் புரிந்தது. மரம் வெட்டிய பிறகும் அதற்குள் தண்ணீர் இருக்கும். முதலில் செல்களின் குழிக்குள் இருக்கிற நீர் போகும். அது போகும்போது மரத்தின் அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு செல் சுவர்களில் இருக்கிற நீர் போக ஆரம்பிக்கும். அப்போதுதான் மரம் சுருங்கும். அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அகலவாக்கில்தான் சுருக்கம். சாதுவான மரம் என்று பெயர் எடுத்த தேக்கே, பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். இந்த இரண்டும் சமமாக இல்லாததால்தான் பலகை கோணுகிறது, வளைகிறது. நம்ம ஆளின் நாக்கு ஏற்கெனவே ஒல்லி. ஏழு வாரம் பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்து இன்னும் ஒல்லியாகியிருக்கிறது. பட்டியின் பிடி விட்டுப் போயிருக்கிறது. அம்மா சாய்ந்தது ஒரு சாக்கு மட்டுமே.

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டை எடுத்து வாரா வாரம் அடுப்படித் தராசில் எடை போட வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காய்கிறது. இரண்டு மூன்று வாரம் ஒரே எடையில் நின்றால் அந்த ஊர்க் காற்றோடு மரம் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல்தான் அவன் அன்று சாயங்காலமே ரம்பத்தை எடுத்திருந்தான்.

பாண்டிச்சேரி வழியாக ஒருவர்

தாத்தா முதல் இரண்டு வாரம் ரம்பத்தையே தொட விடவில்லை. உளி தீட்டு, உளி தீட்டு, உளி தீட்டு. எண்ணெய்க் கல்லில் ஒரே சாய்வில் பிடித்து, பின்பக்கம் மெல்லிய முறுக்கு எழும் வரை தேய்த்து, பிறகு கல்லில் உளியைக் குப்புறப் படுக்க வைத்து அந்த முறுக்கை எடுக்க வேண்டும். முன்கை ரோமம் சிரைந்தால் கூர் வந்துவிட்டது. நம்ம ஆளின் முன்கை ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுவென்று இருப்பதைப் பார்த்து வகுப்பில் ஆளாளுக்குக் கிண்டல்.

அப்புறம் கழிவுத் துண்டுகளில் மூட்டு. ஒவ்வொரு மூட்டும் சொதப்பும். "தூக்கி எறியாத. எங்க தப்புன்னு பென்சில்ல அதுலயே எழுதி, தேதி போட்டு மாட்டு" என்றார் தாத்தா. 'கோட்டு மேல வெட்டினது.' 'துளை சாஞ்சிருச்சு.' 'அவசரம்.' 'அவசரம்.' மாடிச் சுவரில் கயிறு கட்டி அவன் பதினொரு மூட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டான். முதல் ஆணியில் தொங்கியது உடைந்த ஸ்டூலின் சட்டம், பட்டியோடு. அதில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'மறைத்தது.'

இந்த நாட்களில்தான் அவன் ஜார்ஜ் நகாஷிமாவைப் பற்றிப் படித்தான். தச்சு வேலையில் உலகப் புகழ் பெற்ற இவர் 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தவர். ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தபோது, 1930-களில் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதிக் கட்டட வேலையை நின்று பார்க்க வந்தார். சும்மா வந்து போகவில்லை, ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். 1942-ல் நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாமுக்குப் போனார்கள். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம், படித்த கட்டடக் கலைஞர், கீழே உட்கார்ந்து தச்சு கற்றுக்கொண்டார். கையில் கிடைத்ததெல்லாம் முகாமில் மிஞ்சிய கழிவு மரம்.

பிற்காலத்தில் அவர் செய்த மேஜைகளைப் படத்தில் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பலகையில் விரிசல் இருந்தால் அவர் அதைப் பட்டி போட்டு அடைக்கவில்லை. விரிசலுக்குக் குறுக்கே, பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு மரத் துண்டைப் பதித்தார். இரண்டு பக்கமும் அகலம், நடுவில் குறுகல். விரிசல் மேலும் விரியாமல் அது பிடித்துக்கொள்ளும். விரிசலும் தெரியும், அதைப் பிடித்திருக்கிற துண்டும் தெரியும். 1990-ல் அவர் இறந்தார். அவர் செய்த மேஜைகளை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள், விரிசலோடு.

நம்ம ஆள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஸ்டூல்

இந்த முறை மரம் பழைய மரக் கடையில். இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்குச் சட்டம், தேக்குப் பலகை. பல வருடம் வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்து எல்லாம் பிடுங்கினான். அப்படியும் மூன்று வாரம் எடை போட்டான். எடை அசையவில்லை.

நான்கு கால்களையும் ஒன்றாக அடுக்கி, மூலைமட்டம் வைத்து ஒரே கோடாக இழுத்தான். கோட்டுக்கு வெளியே வெட்டினான். நாக்கின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சம் தடியாகவே வெட்டிவிட்டு, உளியால் சீவிச் சீவி இறக்கினான். எப்போது நிறுத்துவது? தாத்தா சொன்ன கணக்கு: கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதிப் பாதி கொட்டாப்புளிக்கு. கையாலேயே முழுக்கப் போனால் தளர்ச்சி. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும்.

எட்டு சட்டம். மேலே நான்கு, கீழே நான்கு. ஆமாம், கீழேயும். பதினாறு மூட்டு.

பதிமூன்றாவது மூட்டில் கை தவறியது. நாக்கு ஒரு பக்கம் ஒரு நூல் அதிகமாகப் போய்விட்டது. சாயங்காலம் ஆகிவிட்டது, பட்டி டப்பா அலமாரியில் இருந்தது. சும்மா ஒரு நூல்தான். அதுவும் கீழ்ச் சட்டம். யாருக்கும் தெரியாது.

நம்ம ஆள் சுவரில் தொங்கிய முதல் சட்டத்தைப் பார்த்தான். புது நாக்கு வெட்டினால் சட்டம் நீளம் போதாது. வேறு சட்டம் இல்லை. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய மரக் கடைக்குப் போனான். ஒரு சட்டத்துக்காக ஒரு வாரம் தள்ளிப் போனது. பன்னிரண்டாவது மூட்டு கயிற்றில் ஏறியது.

உட்காரும் பலகையைக் கால்களோடு இறுக்கி ஒட்டவில்லை. சட்டத்தில் திருகாணிக்கான துளைகளை நீள்வட்டமாக வெட்டி, கீழிருந்து முடுக்கினான். மழைக்காலத்தில் பலகை கொஞ்சம் அகலும், கோடையில் சுருங்கும். நகர இடம் கொடுத்தால் பேசாமல் இருக்கும், கொடுக்காவிட்டால் பிளந்துகொண்டுதான் இடம் தேடும்.

அந்தப் பலகையின் ஒரு ஓரத்தில் பழைய ஆணித் துளையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. தாத்தா தட்டிப் பார்த்து, "பாரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா விட்டா நீளும்" என்றார். நம்ம ஆள் புளிய மரத் துண்டு ஒன்றில் பட்டாம்பூச்சி வெட்டிப் பதித்தான். நகாஷிமா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஒரு இறக்கை பெரிசு, ஒரு இறக்கை சிறிசு. ஒரு ஓரத்தில் நூலிழை இடைவெளி வேறு. ஆனால் பிடித்தது. அவன் அந்த இடைவெளியை அப்படியே விட்டான்.

வார்னிஷ் அடிக்கும் முன் ஒரு வாரம் தானே உட்கார்ந்து நாலாப் பக்கமும் சாய்ந்து, ஆட்டி, அதன் மேல் ஏறி நின்று பார்த்தான். பிறகு அப்பாவை உட்கார வைத்தான். அப்பா பேப்பரோடு உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. "எத்தன மாசமாச்சு?" என்றார் கடைசியில். "பதினாலுப்பா." அப்பா தலையாட்டினார்.

அடுப்படிக்குக் கொண்டுபோனான். அம்மா ஸ்டூலைப் பார்த்தார். உட்காரவில்லை. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய வலி மணிக்கட்டில் மட்டும்தான் இருந்தது என்று அவன் நினைத்திருந்தான்.

"அம்மா, இதுல மூணு கொற இருக்கு" என்றான். "பலகையில இங்க ஒரு விரிசல், பட்டாம்பூச்சி வச்சிருக்கேன். நீளாது. இந்தக் கால்ல ஒரு பழைய ஆணித் தொள. அப்புறம் இந்தச் சட்டம் நெறம் மாறி இருக்குல்லா, அது மாத்தினது. முதல்ல வெட்டினது தப்பாப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "போன ஸ்டூல்ல மூட்டு லூசா இருந்துச்சும்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பட்டி வச்சு மறச்சேன். மரத்து மேல தப்பு இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் பட்டாம்பூச்சியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இது என்னல, ஒரு றெக்க பெருசா இருக்கு?" என்றார். பிறகு மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். வெண்டைக்காயையும் கத்தியையும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே! யாரு செஞ்சா?" என்றார்.

"இவந்தான். இது ரெண்டாவது" என்றார் அம்மா. "மொத ஸ்டூலு என்னையக் கீழ தள்ளி, கைய ஒடச்சிருச்சுலா மதினி. அன்னைக்குத் தர ஈரம்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நம்ம ஆளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

தப்பிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கற்பதற்கு முதலில் அந்தத் தப்பு கண் முன்னால் இருக்க வேண்டும். பட்டி போட்டு வார்னிஷ் அடித்துவிட்டால் எதைப் பார்த்துக் கற்பது?

கயிற்றில் இப்போது பத்தொன்பது மூட்டுகள் தொங்குகின்றன. அடுத்தது தாத்தாவுக்கு ஒரு உளிப் பெட்டி. கிடாருக்கு இன்னும் தந்தி மாட்டவில்லை.